'பி' தொகுதிக்குப் பின்னால் ஒரு பெண்மணி

நுண்ணுயிரியல் மாணவனாக இருந்த காலத்தில் 'லேன்ஸ்ஃபீல்டு வகைப்பாடு' என்ற தொடரை நூறு முறையாவது நான் எழுதியிருப்பேன். தொண்டைப்புண் முதல் பிரசவக் காய்ச்சல் வரை பல நோய்களை விளைவிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை ஏ, பி, சி எனத் தொகுதிகளாகப் பிரிக்கும் முறை அது. அப்பெயருக்கு உரியவர் ஓர் ஆண் என்றே கருதியிருந்தேன். ஆசிரியராகிப் பல ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகே, அவர் ரெபெக்கா லேன்ஸ்ஃபீல்டு என்னும் அமெரிக்கப் பெண்மணி என்று அறிந்தேன். அந்த அறியாமைக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

1895-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், ராணுவ அதிகாரி ஒருவரின் மகளாகப் பிறந்தார் ரெபெக்கா. வெல்லெஸ்லி கல்லூரியில் மொழி இலக்கியத்தில் நாட்டம் கொண்டிருந்த அவரை விலங்கியல் தன்பால் ஈர்த்துக்கொண்டது. 1918-இல் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் டெக்சாஸ் படைமுகாம்களில் பரவிய நோயிலிருந்து திரட்டப்பட்ட கிருமிகளை ஆராயும் பணி அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டே வெளியான ஆய்வுக் கட்டுரையில், ஏவரி, டோஷே ஆகிய மூத்த அறிஞர்களுடன் அந்த உதவியாளரின் பெயரும் இடம்பெற்றது.

அக்காலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் அனைத்தும் நுண்ணோக்கியில் மணிமாலை போல ஒன்றாகவே தோன்றின. எது கொல்லும், எது கொல்லாது என்று கூற இயலவில்லை. ரெபெக்கா கிருமியின் சுவரிலுள்ள சர்க்கரைப் பொருளை அமிலத்தில் சூடாக்கிப் பிரித்தெடுத்தார். அதை முயலின் ரத்தத்தில் உருவான எதிர்ப்பு ஊநீருடன் கலந்து, எதில் வீழ்படிவு தோன்றுகிறது என்று பார்த்தார். 1933-இல் வெளியான இந்த ஆய்வே தொகுதிப் பிரிப்புக்கு அடித்தளம். 'பி' தொகுதியில் அன்று இடம்பெற்றவை பெரும்பாலும் மாடுகளின் மடிநோயிலிருந்து கிடைத்தவை.

அடுத்து, லண்டனின் ரொனால்ட் ஹேருடன் இணைந்து, பிள்ளைப்பேறு கண்ட பெண்களிடமிருந்து எடுத்த கிருமிகளை ஆராய்ந்து 1935-இல் முடிவை வெளியிட்டார். பிரசவக் காய்ச்சலால் துன்புற்ற தாய்மாரிடம் காணப்பட்டது பெரும்பாலும் 'ஏ' தொகுதி. நலமாக இருந்தவர்களிடம் 'பி' உள்ளிட்ட பிற தொகுதிகள் காணப்பட்டன. உடலில் கிருமி குடியிருப்பது வேறு, நோய் வேறு என்னும் உண்மை இதனால் தெளிவாயிற்று.

ஆனால், தாய்க்குத் தீங்கு செய்யாதது சேய்க்கும் தீங்கு செய்யாது என்பதற்கு உறுதியில்லை. 1970-களில் பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தொற்றுக்கும் மூளையுறை அழற்சிக்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இதே 'பி' தொகுதி அமெரிக்காவில் உருவெடுத்தது. அப்போது அதன் உட்பிரிவுகளை இனங்காண மருத்துவர்களுக்குக் கைகொடுத்தவை, ரெபெக்கா 1930-களிலேயே தொடங்கிவைத்த முறைகள். அவரும் ஓய்ந்துவிடவில்லை. 1975-இல், தமது 80-ஆம் வயதில், இக்கிருமியிலிருந்து எலிகளைக் காக்கும் எதிர்ப்புப் பொருள்கள் குறித்த ஆய்வை வெளியிட்டார்.

அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியபோது அவருக்கு வயது 75. 1980-இல் இடுப்பெலும்பு முறியும்வரை ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்த அவர், 1981 மார்ச்சில் மறைந்தார்.

இன்று உலகில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் 'பி' தொகுதிக் கிருமி குடியிருக்கிறது. இது தூய்மைக் குறைவால் வருவதன்று. எந்தத் தாயும் இதற்காக நாணவோ, பழி சுமக்கவோ வேண்டியதில்லை. அமெரிக்காவில் 36, 37-ஆவது வாரங்களில் பரிசோதனை செய்து, கிருமி இருப்பின் பிரசவ வலியின்போது பெனிசிலினை நரம்பு வழியே செலுத்துகிறார்கள். முன்கூட்டியே மருந்து கொடுத்தால் கிருமி மீண்டும் குடியேறிவிடும் என்பதால்தான் அந்த நேரம். பிறந்த முதல் வாரத்தில் தாக்கும் இந்நோய், அங்கு 1990-களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புகளுக்கு 1.8 என்ற அளவில் இருந்தது, இன்று 0.3-க்கும் கீழே இறங்கிவிட்டது. எல்லா நாடுகளும் இப்பரிசோதனையை அனைவருக்கும் செய்வதில்லை. கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசிகளும் சோதனை நிலையில் உள்ளன.

எந்த ஆராய்ச்சிக்கும் உடனடிப் பயன் என்ன என்று கேட்கும் காலம் இது. கிருமிகளைப் பிரித்து அடுக்குவதால் என்ன பயன் என்று 1933-இல் யாரேனும் கேட்டிருந்தால், ரெபெக்காவிடம் முழுமையான விடை இருந்திருக்காது. அந்த விடை இன்று தொட்டில்களில் உறங்குகிறது. ஆய்வகத்தில் அமைதியாக உழைப்போரைப் பொறுமையோடு ஆதரிக்கும் சமுதாயமே தன் குழந்தைகளைக் காத்துக்கொள்ளும் என்பது, அவர் வாழ்விலிருந்து நான் கற்ற பாடம்.