சிலிக்கோனுக்குப் பெயரிட்டவர்

குழந்தையின் பால்புட்டிக் காம்பு முதல் வெப்பம் தாங்கும் சமையலறைக் கரண்டி வரை, இன்று எத்தனையோ பொருள்கள் சிலிக்கோனால் ஆனவை. அதற்கு அப்பெயரைச் சூட்டியவர் பிரடெரிக் ஸ்டான்லி கிப்பிங் என்னும் ஆங்கிலேய வேதியியல் அறிஞர்.

கிப்பிங் 1863-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் மான்செஸ்டர் நகரில் பிறந்தார். அங்கு ஓவன்ஸ் கல்லூரியில் பயின்றபின், ஜெர்மனியின் மியூனிக் நகரில் இளைய பெர்க்கினிடம் ஆராய்ச்சி செய்து 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆசிரியரும் மாணவரும் உடன்பிறந்த சகோதரிகளை மணந்து சகலைகளாயினர்! இருவரும் சேர்ந்து எழுதிய கரிம வேதியியல் பாடநூல் பல தலைமுறை மாணவர்களுக்கு வழிகாட்டியது. 1897 முதல் 1936 வரை கிப்பிங் நாட்டிங்காமில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

மணலில் உள்ள தனிமம் சிலிக்கன். அது குளோரினுடன் சேர்ந்தால் சிலிக்கன் டெட்ராகுளோரைடு என்னும் திரவம் உண்டாகும். ஈரக்காற்று பட்டாலே அது புகையும். அப்புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். இத்தகைய முரட்டுத் திரவத்தோடுதான் கிப்பிங் தம் வாழ்நாளைக் கழித்தார். கிரிக்னார்ட் வினைப்பொருளின் உதவியால் குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி, அவற்றின் இடத்தில் கரிமத் தொகுதிகளைப் புகுத்தினார். இவ்வாறு கரிமக் குளோரோசிலேன்கள் பல உருவாயின.

இரண்டு குளோரின் அணுக்கள் எஞ்சியுள்ள குளோரோசிலேன் நீருடன் சேர்ந்தால், குளோரின் வெளியேறும். அவ்விடத்தில் ஆக்சிஜன் அமரும். சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கைகோத்து நீண்ட சங்கிலியாகும். அதுவே சிலிக்கோன். அது கீட்டோனைப் போன்றது என்று முதலில் எண்ணியே 1901-இல் கிப்பிங் அப்பெயரை இட்டார். எண்ணம் பிழையானது, பெயரோ நிலைத்துவிட்டது.

அவர் தேடியவை தூய படிகங்கள். அடிக்கடி கிடைத்தவையோ ஒட்டும் பிசின்கள். அவற்றைத் தொல்லை என்றே கருதினார். ஆயினும் சோர்வின்றி உழைத்து, 50-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். 1936-இல் இலண்டன் ராயல் கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில், இத்துறையில் விரைவில் பெரிய முன்னேற்றம் ஏற்படும் என்ற நம்பிக்கை தமக்கில்லை என்று கூறினார்.

நான்கே ஆண்டுகள் சென்றன. 1940-இல் அமெரிக்காவில் யூஜின் ராக்கோ, செம்பு கலந்த சிலிக்கனைச் சூடாக்கி, அதன்மேல் மெதில் குளோரைடு வாயுவைச் செலுத்தினார். குளோரோசிலேன் எளிதாகக் கிடைத்தது, ஆலைகள் எழுந்தன. சிலிக்கோன் களிம்பு இரண்டாம் உலகப்போரில் விமானங்களின் மின்னிணைப்புகளை ஈரத்திலிருந்து காத்தது. 1969-இல் சந்திரனில் பதிந்த காலணிகளின் அடிப்பாகமும் சிலிக்கோன் ரப்பரே. மூளையில் நீர் தேங்கும் குழந்தைகளுக்குப் பொருத்தும் மெல்லிய குழாயும் அதுவே.

1949-இல் வேல்ஸ் நாட்டில், தம் 85-ஆம் வயதில் கிப்பிங் மறைந்தார். பயன் தெரியாதபோதும் உண்மையாகச் செய்த உழைப்பு வீண்போகாது என்பதற்கு, அவர் தொல்லையென ஒதுக்கிய அந்தப் பிசினே சான்று.