மாற்றுச் சேலையுடன் பள்ளிக்குச் சென்ற ஆசிரியை

புனே பல்கலைக்கழகம் 2014ஆம் ஆண்டு முதல் சாவித்திரிபாய் பூலேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த அம்மையார் ஒன்பது வயதில் கல்யாணமாகிப் புனேக்கு வந்தபோது எழுதப் படிக்கத் தெரியாதவர்.

சாத்தாரா மாவட்டம் நாய்காவ் கிராமத்தில் 1831 ஜனவரி 3ஆம் தேதி பிறந்தவர் அவர். 1840இல் ஜோதிராவ் பூலேக்கு வாழ்க்கைப்பட்டார். மாப்பிள்ளைக்கு வயது 13. அந்தக் கணவரே வீட்டில் வைத்து மனைவிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பிறகு அம்மையார் ஆசிரியைப் பயிற்சியும் பெற்றார்.

1848இல் புனே நகரின் பிடே வாடா என்னும் வீட்டில் தம்பதியர் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று நம்பிய காலம் அது. தெருவில் நடந்துபோன அம்மையார் மீது சேற்றையும் சாணியையும் வீசினார்கள். அவர் பையில் இன்னொரு சேலையை எடுத்துச் செல்வார். பள்ளியில் அதை உடுத்திப் பாடம் நடத்திவிட்டு, திரும்பும்போது அழுக்குச் சேலையையே மறுபடி கட்டிக்கொள்வார்.

ஊராரின் நெருக்குதல் மாமனாரையும் விடவில்லை. பள்ளியை விடு, அல்லது வீட்டை விடு என்றானபோது, 1849இல் இருவரும் வீட்டை விட்டனர். உஸ்மான் ஷேக் என்ற நண்பர் இடம் கொடுத்தார். பாத்திமா ஷேக் அம்மையாருடன் சேர்ந்து பாடம் நடத்தினார். 1851ஆம் ஆண்டு முடிவில் மூன்று பள்ளிகளில் ஏறத்தாழ 150 பெண்கள் படித்தனர்.

கருவுற்ற விதவைகள் ஊர்ப்பழிக்கு அஞ்சிச் சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க, 1863இல் தம் வீட்டிலேயே அவர்களுக்குப் புகலிடம் தந்தனர். குழந்தைப்பேறு இல்லாத தம்பதியர், ஒரு விதவைத் தாயின் மகனைத் தத்தெடுத்து யஷ்வந்த் எனப் பெயரிட்டு டாக்டராக்கினர்.

1890இல் ஜோதிராவ் காலமானார். தத்துப்பிள்ளை கொள்ளிச்சட்டி ஏந்தக் கூடாது என்று உறவினர் தகராறு செய்தனர். அம்மையாரே சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு பாடைக்கு முன்னே நடந்தார். பெண்கள் மயானத்துக்கே போகாத நாளில் நடந்த செயல் இது.

1897இல் புனேயைப் பிளேக் நோய் தாக்கியது. ஊருக்கு வெளியே மகன் நடத்திய சிகிச்சை முகாமில் அம்மையார் உடனிருந்தார். நோய் கண்ட தாழ்த்தப்பட்ட குடும்பத்துச் சிறுவன் ஒருவனைத் தாமே முதுகில் சுமந்து வந்தார். அந்த நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10ஆம் தேதி, 66ஆவது வயதில் உயிர் துறந்தார்.

இன்று நம் வீட்டுப் பெண்பிள்ளை காலையில் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் புறப்படுகிறாள். அந்தப் பையில் மாற்றுத் துணி வைக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த நிலையை உண்டாக்கியவர்களில் சாவித்திரிபாய் அம்மையார் முன்வரிசையில் நிற்கிறார்.