நான்கு பென்ரோச் பற்றரிகளும் ஒரு யப்பானியரும்

குன்பேய் யோகோயி என்ற பெயர் யாழ்ப்பாணத்தில் பலருக்குத் தெரியாது. அவர் உருவாக்கிய பொருளின் சாயலை மட்டும் என் வயதுக்காரர் பலரும் கையில் பிடித்திருக்கிறோம். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு கட்டைகளை அடுக்கி விளையாடும் மலிவான ‘பிரிக் கேம்’ எங்கள் கைகளுக்கு வந்தது. அதன் மூத்த உறவுதான் யோகோயியின் கேம் போய்.

1941 செப்டெம்பர் 10 இல் கியோட்டோவில் பிறந்த யோகோயி, அங்குள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தார். 1965 இல் நின்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தார். 1889 முதல் சீட்டுக்கட்டு செய்து வந்த கம்பனி அது. சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பராமரிப்பதே அவர் வேலை. பொழுது போகாத நேரத்தில், நீண்டு சுருங்கிப் பொருட்களைப் பிடிக்கும் ஒரு கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி ஹிரோஷி யமௌச்சி அதைக் கண்டார். திட்டு விழவில்லை, விற்பனைக்குச் செய்யும்படி உத்தரவு வந்தது. 1966 இல் வெளிவந்த அந்த ‘அல்ட்ரா ஹேண்ட்’ பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது.

ரயிலில் ஒருவர் கல்குலேட்டரைத் தட்டிப் பொழுது போக்குவதைப் பார்த்ததில் பிறந்த யோசனைதான் 1980 இன் ‘கேம் அண்ட் வாட்ச்’. கல்குலேட்டர் கம்பனிகளின் போட்டியால் அந்தச் சிறு திரைகளின் விலை அப்போது விழுந்திருந்தது. எல்லோரும் பழகிவிட்ட, மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து, அதற்கு வேறொரு பயன் தேடுவதே அவர் வாழ்நாள் முழுவதும் பிடித்திருந்த வழி. 1982 இல் வந்த ‘டொங்கி கொங்’ பதிப்பில் அவர் வைத்த சிலுவை வடிவப் பொத்தான், அதன் பின் வந்த பெரும்பாலான விளையாட்டுக் கருவிகளுக்கும் போனது.

1989 ஏப்ரல் 21 அன்று கேம் போய் யப்பானில் விற்பனைக்கு வந்தது. இங்கே இந்திய இராணுவம் நிலைகொண்டிருந்த காலம் அது. போட்டிக் கருவிகளில் வண்ணத் திரையும் வெளிச்சமும் இருந்தன. ஆனால் அவை ஆறு பற்றரிகளைச் சில மணித்தியாலங்களில் தின்று தீர்த்தன. யோகோயியின் குழு செய்ததில் வண்ணமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. நான்கு பென்ரோச் பற்றரிகளில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. வளைகுடாப் போரின் குண்டுவீச்சில் கருகிய ஒரு கேம் போய், மேலோடு உருகிய பின்னும் வேலை செய்தது. நியூயோர்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் அது நீண்டகாலம் காட்சிக்கு இருந்தது.

அடுத்த ஆண்டே எங்களுக்கு மின்சாரம் நின்றது. தடைப் பட்டியலில் பற்றரியும் ஏறியது. அந்த நான்கு பற்றரிகளின் பெறுமதியை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்தோம், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டோம், ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். யோகோயி விரும்பித் தெரிவு செய்த வழியில் எங்கள் பெற்றோர் வேறு வழியின்றி நடந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. இருந்தாலும், கையில் இருப்பதை வைத்து யோசிக்கும் அறிவு ஒரே அறிவுதான்.

1995 இல் அவர் வெளியிட்ட ‘வெர்ச்சுவல் போய்’ தோற்றது. சிவப்பு நிறம் மட்டுமே காட்டிய அந்தக் கருவி ஓராண்டுக்குள் சந்தையை விட்டுப் போனது. 1996 இல் நின்டெண்டோவை விட்டு விலகி, சொந்தமாக ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். அங்கே அவர் பங்களித்த ‘வொண்டர்ஸ்வான்’ ஒரே ஒரு பற்றரியில் ஓடியது. 1999 இல் அது வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. 1997 ஒக்டோபர் 4 அன்று நெடுஞ்சாலை விபத்தொன்றின் பின் காரை விட்டு இறங்கியவரை இன்னொரு வாகனம் மோதியது. அவருக்கு வயது 56. அந்தக் கருவிக்கு வந்த விளையாட்டு ஒன்றுக்கு ‘குன்பேய்’ என்றே பெயரிட்டார்கள்.

கேம் போயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்றன. இன்றும் உலகெங்கும் ஆர்வலர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். பற்றரி கசிந்து பிடித்த பச்சைக் களிம்பை வினாகிரி தொட்டுத் துடைக்கிறார்கள். திரையில் கோடுகள் மறைந்தால் அடிப்பக்க இணைப்பை ஈயப்பற்றுக் கோலால் மெல்லச் சூடாக்கி மீட்கிறார்கள். புதிய விளையாட்டுகள்கூட எழுதுகிறார்கள். எந்தத் திருகாணி எங்கே என்பதுவரை குறிப்பெழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் டைனமோ வானொலிக்கு அப்படியொரு குறிப்பேடு எங்கே? எந்தக் கம்பி எங்கே போனது, வேகம் கூடினால் வானொலி கருகாமல் எப்படிக் காத்தார்கள் என்பதெல்லாம் அதைச் செய்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அன்று நாற்பதில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டு மூலையில் அப்படியொன்று கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம். செய்த ஐயாவையோ மாமாவையோ பக்கத்தில் இருத்தி, கேட்டு எழுதி வையுங்கள்.