எலும்பை வளர வைத்த டாக்டர் – கவ்ரீல் இலிசாரோவ்



போன வருஷம் கபடி ஆடி என் இடது கை உடைந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு வகுப்புக்கு வந்தது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். (கட்டு மேலே மீசை வரைந்தவர்களை நான் மறக்கவில்லை!) என் எலும்பு நல்லபடியாகக் கூடிடுச்சு. ஆனா சில பேருக்கு வருஷக்கணக்கில் கூடாமலே இருக்கும். சில பேருக்கு எலும்பில் ஒரு துண்டே போய்விடும், கால் குட்டையாகிவிடும். அப்படிப்பட்டவர்களை நடக்க வைத்த ஒரு ரஷ்ய டாக்டரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கவ்ரீல் இலிசாரோவ் 1921 ஜூன் 15ல் பிறந்தார். குடும்பம் அசர்பைஜானில் குசார் என்ற மலை ஊரில் குடியேறியது. ஏழைக் குடும்பம், ஆறு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். அதனால் பத்து வயசு தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்கே போனார். ஆனாலும் விட்ட வகுப்புகளை மளமளவென்று பிடித்துவிட்டார். கிரிமியாவில் டாக்டர் படிப்பு. நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்து, கல்லூரியே கஜகஸ்தானுக்கு இடம் மாறியது. 1944ல் படிப்பை முடித்ததும் சைபீரியாப் பக்கம் குர்கான் மாகாணத்தில் தோல்கோவ்கா என்ற கிராமத்துக்கு அனுப்பினார்கள். காய்ச்சலோ, பிரசவமோ, கை கால் முறிவோ எல்லாத்துக்கும் அவர்தான் டாக்டர். அப்போது அவருக்கு வயசு 23.

போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்கள் பல பேருக்கு எலும்பு கூடவில்லை. மாதக்கணக்கில் மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைப்பதுதான் அன்றைய வைத்தியம். கட்டுக்குள்ளே எலும்பு லேசாக அசைந்துகொண்டே இருக்கும், படுத்தே கிடப்பதால் சதையும் சூம்பிப் போகும். எலும்பை அசையாமல் பிடிக்கணும், ஆனா ஆள் நடக்கணும், இரண்டும் சேர்ந்து நடக்குமா என்று யோசித்தார் இலிசாரோவ்.

1951ல் அவர் செய்த கருவியைப் புரிந்துகொள்ள நம்ம சைக்கிள் சக்கரத்தைப் பார்த்தால் போதும். ஸ்போக்ஸ் கம்பி எவ்வளவு மெலிசு! ஆனா இழுத்து முறுக்கியிருப்பதால் டபுள்ஸ் போனாலும் தாங்குது. அதே மாதிரி ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள கம்பிகளை எலும்புக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் செலுத்தி, காலைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தில் இழுத்து முறுக்கினார். வளையங்களை நீளமான திருகுக் கம்பிகளும் நட்டுகளும் இணைத்தன. காலில் வளையத்தோடேயே நோயாளி நடக்கலாம். நடக்கணும் என்றே அவர் சொன்னார், நடந்தால்தான் ரத்த ஓட்டம் வரும்.

அடுத்தது இன்னும் பெரிய விஷயம். முறிந்த இரண்டு முனைகளையும் நெருக்குவதற்காக ஒரு நோயாளி நட்டைத் திருகினாராம். தெரியாமல் எதிர்ப்பக்கம் திருகியதால் முனைகள் விலகிவிட்டன. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் இடைவெளியில் புது எலும்பு! இப்படி ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அதற்கப்புறம் அவர் வருஷக்கணக்கில் நாய்களிடம் சோதனை செய்து கணக்கைக் கண்டுபிடித்தார். உள்ளே இருக்கும் மஜ்ஜையும் ரத்தக்குழாயும் கெடாமல் எலும்பை வெட்டணும். சில நாள் சும்மா விடணும். பிறகு தினமும் நாலு தடவை, தடவைக்கு கால் மில்லிமீட்டர் நட்டைத் திருகணும். ஒரு நாளைக்கு 1 மி.மீ., ஒரு மாதத்தில் 3 செ.மீ. வேகமாக இழுத்தால் எலும்பு உருவாகாது. ரொம்ப மெதுவாக இழுத்தால் முன்னாடியே ஒட்டிக்கொள்ளும். எலும்போடு தோல், நரம்பு, ரத்தக்குழாய் எல்லாமே சேர்ந்து வளர்கின்றன. ஆனா வலி உண்டு, கம்பி போன இடத்தில் சீழ் பிடிக்கவும் செய்யும். இழுத்து முடித்த பிறகும் எலும்பு கெட்டியாகப் பல மாதம் வளையத்தைச் சுமக்கணும்.

இவ்வளவு செய்தும் மாஸ்கோ பெரிய டாக்டர்கள் நம்பவே இல்லை. கிராமத்திலிருந்து வந்த பட்டறைக்காரன் என்ற மாதிரி கேலி பேசினார்கள். எனக்கு இந்த இடத்தில்தான் கோபமா வந்துச்சு. குர்கானுக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருந்தால் என்னவாம்?

1968ல் வலேரி புரூமெல் வந்தார். 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை செய்தவர், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கியவர். 1965ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல ஆபரேஷன் செய்தும் சரியாகாமல், கால் குட்டையாகி இருந்தார். இலிசாரோவ் அந்தக் காலைக் கூட்டி, நீளமும் ஆக்கினார். புரூமெல் மறுபடியும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார்! நாடே பேச ஆரம்பித்தது. அதே 1968ல் முதல் நிலை ஆராய்ச்சிப் பட்டத்துக்காகப் போன இலிசாரோவுக்கு நேரடியாக அதற்கு மேலான டாக்டர் பட்டத்தையே கொடுத்தார்கள். 1971ல் குர்கானிலேயே ஆராய்ச்சி நிலையம் உருவானது. 1978ல் லெனின் பரிசு கிடைத்தது.

வெளிநாட்டுக்கு விஷயம் போனது ஒரு மலையேறும் வீரரால். இத்தாலியைச் சேர்ந்த கார்லோ மவுரிக்குப் பல வருஷமாகக் கால் எலும்பு கூடவில்லை. கடல் பயணத்தில் அவரோடு ஒரே படகில் போன ரஷ்ய டாக்டர் யூரி சென்கேவிச் குர்கானுக்குப் போகச் சொன்னார். 1980ல் மவுரி போனார், குணமாகித் திரும்பினார். இத்தாலி டாக்டர்களுக்கு ஒரே ஆச்சரியம். 1981ல் இலிசாரோவைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். எக்ஸ்ரே படங்களைக் காட்டி அவர் முடித்ததும் எல்லாரும் எழுந்து நின்று வெகுநேரம் கை தட்டினார்கள். கருவி செய்து அப்போது 30 வருஷம் ஆகியிருந்தது.

இலிசாரோவுக்கு மேஜிக் செய்வதில் ரொம்ப ஆசை. நோயாளிகள் முன்னாலேயே வித்தை காட்டுவாராம். 1992 ஜூலை 24ல் குர்கானிலேயே இறந்தார். 3750 என்ற எண்ணுள்ள ஒரு சிறுகோளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தில் சிவப்பு மையால் அடித்திருப்பது புதுசாக வளர்ந்த எலும்பு. கம்பிகள் கொஞ்சம் கோணலாக வந்துடுச்சு, மன்னிக்கவும்.

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு