நின்றுபோன தொடரும் நிலைபெற்ற நூலும்: நாவலாசிரியர் அ. மாதவையா

தமிழ் நாவல் இலக்கியத்தின் தொடக்க காலத்தைப் பற்றிப் பேசுவோர் மூன்று பெயர்களை முறையாகக் கூறுவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, பி.ஆர். ராஜமையர், அ. மாதவையா என்போர் அம்மூவர். 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்த கமலாம்பாள் சரித்திரம் 1896இல் நூலாயிற்று. 1898இல் மாதவையாவின் பத்மாவதி சரித்திரத்தின் முதற்பாகம் அச்சேறியது. இம்மூவருள் முதற்படைப்பை வெளிக்கொணர்வதில் மிகுந்த சோதனைக்கு உள்ளானவர் மாதவையாவே. அச்சோதனையும் அதை அவர் கடந்த விதமும் எழுத வருவோர் அறிந்து கொள்ளத்தக்கவை.

இளமையும் கல்வியும்

மாதவையா 1872ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் நெல்லைச் சீமையிலுள்ள பெருங்குளம் என்னும் ஊரில் அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். ஆற்றுப்பாசனமும் அக்கிரகார வாழ்வும் கொண்ட அவ்வூரின் நடைமுறைகள் பின்னாளில் அவருடைய கதைகளுக்குக் களம் அமைத்துத் தந்தன. அக்கால வழக்கப்படி, பள்ளிப்பருவம் முடியுமுன்னரே, பதினைந்து வயதளவில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. பால்ய விவாகத்தைப் பிற்காலத்தில் அவர் கண்டித்து எழுதியபோது, நூலறிவோடு பட்டறிவும் அவருக்குத் துணை நின்றது.

உயர்கல்விக்காகச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். டாக்டர் வில்லியம் மில்லர் முதல்வராக விளங்கிய காலம் அது. ஆங்கில இலக்கியப் பயிற்சியும் சமுதாயச் சீர்திருத்தச் சிந்தனையும் அவர் உள்ளத்தில் ஒருங்கே வேர்கொண்டன. அதே ஆண்டில் பிறந்த ராஜமையரும் அக்கல்லூரியில் பயின்றவரே. ஒரே வயதும் ஒரே கல்லூரியும் உடைய இவ்விருவரும் ஒரே இதழின் வழியாகத் தமிழ் நாவலுக்குள் நுழைந்தனர். நுழைந்த பின் இருவர்க்கும் கிட்டிய வரவேற்பு மட்டும் வேறுவேறாக அமைந்தது.

இடையில் நின்ற தொடர்

1892ஆம் ஆண்டு மாதவையா பி.ஏ. பட்டம் பெற்றார். சி.வி. சுவாமிநாத ஐயர் விவேக சிந்தாமணி இதழைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். இருபது வயது இளைஞரான மாதவையா அவ்விதழில் சாவித்திரி சரித்திரம் என்னும் கதையைத் தொடராக எழுதலானார்.

அக்கதை வெளிவந்த காலச்சூழலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கைம்பெண் மறுமணத்திற்கு 1856இலேயே சட்டம் இசைவு அளித்திருந்தது. இராஜமகேந்திரபுரத்தில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881இல் கைம்பெண் மறுமணத்தை நடத்திக் காட்டியிருந்தார். மணமான சிறுமியரின் இசைவு வயதைப் பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் 1891இல் பெரும் வாதப் போருக்கிடையே நிறைவேறியது. சட்டப் புத்தகத்தில் இடம் பெற்றவை வீட்டு முற்றத்தில் இடம் பெறவில்லை. அந்நிலையில் அந்தணர் வீட்டுப் பெண்ணின் துயரத்தை அவ்வீட்டைச் சேர்ந்த இளைஞரே கதையாக எழுதினார். வெளியார் ஒருவர் கூறியிருந்தால் பகை என்று ஒதுக்கியிருப்பர். உள்ளிருந்தே வந்த குரலை அவ்வாறு ஒதுக்க இயலாது. சில பகுதிகள் வந்தபின் அத்தொடர் முற்றுப்பெறாமலே நின்றது. அடுத்த ஆண்டில் அதே இதழில் கமலாம்பாள் சரித்திரம் தொடங்கி, இரண்டாண்டுக் காலம் தங்குதடையின்றி வளர்ந்தது.

முதற்கதை இவ்வாறு பாதியில் நின்றால் இளம் எழுத்தாளர் பலர் எழுதுகோலையே கீழே வைத்துவிடுவர். சிலர் எதிர்ப்புக்கு ஆளாகாத பொருளைத் தேடிச் செல்வர். மாதவையா இரண்டையும் செய்யவில்லை. சாவித்திரியை அவர் மறக்கவும் இல்லை.

பத்மாவதி சரித்திரம்

1893இல் மாதவையா தேர்வெழுதி அரசின் உப்புத்துறையில் அலுவலில் அமர்ந்தார். ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் பணி அது. அப்பணிக்கிடையே எழுதிய பத்மாவதி சரித்திரத்தின் முதற்பாகம் 1898லும் இரண்டாம் பாகம் 1899லும் வெளிவந்தன. ராஜமையர் இருபத்தாறாம் வயதில் மறைந்த ஆண்டும் 1898 ஆகும்.

அக்காலத்தில் நூல் வெளியிடுதல் எளிய செயலன்று. பழைய முறைப்படி புலவர் ஒருவர் நூல் இயற்றினால் அரங்கேற்றத்திற்கு அவை இருந்தது. பொருளுதவி செய்ய வள்ளலோ மடமோ இருந்தது. சாற்றுகவி வழங்கப் புலவர் குழாம் இருந்தது. உரைநடைக் கதைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அச்சுக்கூலியை ஆசிரியரே ஏற்க வேண்டும். அல்லது முன்கூட்டியே கையொப்பம் செய்வோரைத் திரட்ட வேண்டும். விற்பனையும் நண்பர்கள் வாயிலாகவும் இதழ்களில் வரும் மதிப்புரை வாயிலாகவுமே நடைபெற வேண்டும். கதை படித்தல் பொழுதைப் பாழாக்குவது என்ற எண்ணம் கற்றோரிடையே நிலவியது. ஆங்கிலம் கற்றவர் தமிழ் நூலைக் கையில் எடுக்கத் தயங்கினர். தமிழ் கற்ற புலவர் உரைநடையை இலக்கியமாகக் கொள்ளத் தயங்கினர். இவ்விரு தயக்கங்களுக்கும் இடையே தனக்கென ஒரு வாசகர் கூட்டத்தை நாவலே உண்டாக்கிக் கொள்ள வேண்டியிருந்தது.

தென்னக மொழிகளின் முதல் நாவலாசிரியர்களை ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீபாகப் பணியாற்றியவர். மலையாளத்தில் 1889இல் இந்துலேகாவை இயற்றிய ஒ. சந்துமேனனும் முன்சீபே. கன்னடத்தில் 1899இல் இந்திராபாய் என்னும் சமுதாய நாவலை வெளியிட்ட குல்வாடி வெங்கடராவ் காவல் துறையில் பணியாற்றியவர். மாதவையா உப்புத்துறை அலுவலர். வள்ளலை நாடாமல் நூலை அச்சிடும் துணிவை இவர்களுக்கு அளித்தது மாத ஊதியமே எனலாம். எந்த மிராசுதாரையும் புகழ வேண்டாத நிலையிலிருந்துதான் மிராசுதார் வீட்டுக் கதையை உள்ளபடி எழுத இயலும்.

இந்துலேகாவின் முதற்பதிப்பு சில திங்களிலேயே விற்றுத் தீர்ந்தது. இந்திராபாயின் பொருளோ கைம்பெண்ணின் கல்வியும் மறுமணமும். தமிழில் மாதவையாவின் உள்ளத்தை வருத்திய அதே பொருள் அதே பத்தாண்டில் கன்னட நாட்டிலும் ஒருவரை எழுதத் தூண்டியது. மும்மொழியும் வழங்கும் கெலமங்கலம் வட்டார மக்களுக்கு இவ்வொற்றுமை வியப்பளிக்காது. வீட்டுக்குள் நிகழும் கொடுமைக்கு மொழி எல்லை இல்லை என்பதை அவர்கள் அறிவர்.

பத்மாவதி சரித்திரம் நாராயணன், கோபாலன் என்னும் இரு நண்பர்களின் கல்வி வாழ்வையும், நாராயணனின் மனைவி பத்மாவதியின் இல்வாழ்வையும் கூறுவது. ஐயம் என்னும் நோய் இல்லறத்தை எவ்வாறு அரிக்கின்றது என்பதையும், பெண்கல்வியின் இன்றியமையாமையையும் அது நயமாகப் புலப்படுத்துகின்றது. சிற்றூரிலிருந்து சென்னைக்குப் படிக்கச் செல்லும் மாணவனின் வாழ்வு தமிழ்க் கதையில் உயிர்ப்புடன் இடம் பெற்றது இந்நூலில்தான் எனலாம். சீர்திருத்தக் கருத்து கதையை மீறித் துருத்தி நில்லாமல் கதையோடு இயைந்து வருவது இதன் சிறப்பு. சாவித்திரி சரித்திரம் கற்பித்த பாடம் இவ்வியைபில் வெளிப்படுகின்றது.

சாவித்திரி திரும்பி வந்தாள்

1903இல் முத்துமீனாட்சி என்னும் நாவல் வெளிவந்தது. பதினோராண்டுகளுக்கு முன் நின்றுபோன சாவித்திரி சரித்திரமே திருத்தமும் நிறைவும் பெற்று இப்பெயரில் நூலாயிற்று. அந்தணச் சிறுமி ஒருத்தி தன் வரலாற்றைத் தானே கூறுவதாக அமைந்தது இந்நூல். இளமை மணம், புகுந்த வீட்டுக் கொடுமை, கைம்மை ஆகிய அனைத்தையும் அவள் வாயாலேயே கேட்கிறோம். கதை மறுமணத்தில் நிறைவுறுகின்றது. இதழில் நின்ற கதையை மாதவையா மென்மைப்படுத்தவில்லை. முடிவு வரை கொண்டு சென்றார்.

அதே ஆண்டில் தில்லை கோவிந்தன் என்னும் ஆங்கில நாவலும் வந்தது. பின்னர் 1916இல் அது இலண்டனில் மீண்டும் பதிப்பிக்கப்பெற்றது. சத்தியானந்தன் 1909லும், பாளையங்கோட்டையோடு தொடர்புடைய மராட்டிய அந்தணக் கைம்பெண்ணைப் பற்றிய கிளாரிந்தா 1915லும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. இரு மொழியிலும் எழுதவல்ல அவருக்கு ஆங்கிலத்தோடு நின்றுவிடுவது எளிதாக இருந்திருக்கும். எனினும் தமிழை அவர் கைவிடவில்லை.

அச்சுக்கூடமும் இறுதி நாளும்

1922இல் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றுச் சென்னை மயிலாப்பூரில் குடியேறினார். அங்குத் தமக்கெனச் சொந்தமாக அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். 1924இல் பஞ்சாமிர்தம் என்னும் மாத இதழையும் தொடங்கினார். இதழ் ஒன்றில் முதற்கதை பாதியில் நின்ற இளைஞர், முப்பதாண்டுகளுக்குப் பின் தாமே இதழாசிரியரும் பதிப்பாளரும் ஆனார். பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தைப் பஞ்சாமிர்தத்தில் எழுதத் தொடங்கினார். இம்முறை அவர் தொடரை நிறுத்த எவரும் இல்லை. காலம் ஒன்றே நிறுத்தியது.

1925ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் கூட்டம் நடைபெற்றது. பட்ட வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று மாதவையா அக்கூட்டத்தில் வாதாடினார். பேசி முடித்து அமர்ந்த சிறிது நேரத்தில் அவருயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. பத்மாவதியின் மூன்றாம் பாகம் முற்றுப்பெறாமலே நின்றது.

அவருடைய எழுத்து மரபு குடும்பத்திலும் தொடர்ந்தது. நெருங்கிய உறவினரான பெ.நா. அப்புஸ்வாமி அறிவியல் தமிழுக்கு அரும்பணி ஆற்றினார். மகன் மா. கிருஷ்ணன் கானுயிர் பற்றி எழுதிப் புகழ் பெற்றார். மற்றொரு மகன் மா. அனந்தநாராயணன் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் ஆங்கில நாவலாசிரியராகவும் விளங்கினார்.

சொந்தப் பொருளில் முதல் நூலை அச்சிட்டு, படிகளைத் தோளில் சுமந்து கொடுத்து வரும் கவிஞர்கள் எல்லா ஊரிலும் உளர். அவர்களுக்கு மாதவையாவின் வாழ்வு தரும் செய்தி தெளிவானது. முதல் முயற்சிக்கு இடம் மறுக்கப்படலாம். மறுக்கப்பட்டதனால் பொருள் பொய்யாகிவிடாது. காத்திருக்கவும், கலைத்திறனைக் கூர்மையாக்கிக் கொள்ளவும், சொல்ல வந்ததைச் சிறிதும் குறைக்காமல் மீண்டும் சொல்லவும் வல்லவனுக்கே முதற்படைப்பு முழுமையாகக் கைகூடும். இருபது வயதில் நின்ற கதையை முப்பத்தோராம் வயதில் முடித்துக் காட்டிய மாதவையா அத்தகையவர்.