கணிதத் துறவி ரசீன் அடிகளார்

சேலம், நாமக்கல் சமவெளியில் இன்று பொறியியல் கல்லூரிகள் பல உள்ளன. நம் பங்கின் பிள்ளைகளும் கணிப்பொறியியல் படித்துப் பட்டம் பெறுகின்றனர். பட்டம் பெற்றதும் வேலை, சம்பளம் என்பதே பெற்றோராகிய நம் எண்ணம். இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற வேண்டும் என்று பிள்ளை சொன்னால் நாம் தயங்குகிறோம். அத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் வழிகாட்டிய சேசு சபைத் துறவி ஒருவரின் வாழ்வை இவ்விழா மலரில் நினைவுகூர விழைகிறோம்.

அருள்தந்தை சார்லஸ் ரசீன் 1897-இல் பிரான்சு நாட்டில் பிறந்தார். சேசு சபையில் சேர்ந்து குருவானார். கணிதத்தில் ஆழ்ந்து, 1934-இல் பாரிசில் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தேழை ஒட்டியிருந்தது. எலீ கார்த்தான் போன்ற பெரும் கணித மேதைகளின் நட்பும் அவருக்குக் கிட்டியது. அந்நாட்டிலேயே இருந்திருந்தால் பெயரும் புகழும் வந்திருக்கும். அவரோ 1937-இல் இந்தியாவுக்கு வந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் ஆசிரியரானார். 1939 முதல் சென்னை லொயோலா கல்லூரியே அவருடைய பணித்தளம் ஆயிற்று.

அக்காலத்தில் நம் கல்லூரிகளில் தேர்வுக்கான பழைய கணிதமே பெரிதும் பயிற்றுவிக்கப்பட்டது. ஐரோப்பாவில் வளர்ந்து வந்த புதிய கணிதத்தை மாணவர்களுக்கு அறிமுகம் செய்தவர் ரசீன் அடிகளார். பிறர் கண்டதைக் கற்பது பட்டப்படிப்பு; யாரும் காணாத ஒன்றைத் தானே கண்டு நிறுவுவது முனைவர் பட்டம். அதற்குத் தகுதியான மாணவரை இனங்கண்டு, எங்கே போய் யாரிடம் பயில வேண்டும் என்று வழிகாட்டினார்.

வட ஆர்க்காட்டில் தண்டரை என்னும் சிற்றூரில், கிராமக் குடும்பத்தின் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் எம். எஸ். நரசிம்மன். காஞ்சிபுரத்தில் பிறந்தவர் சி. எஸ். சேஷாத்ரி. லொயோலாவில் அடிகளாரிடம் பயின்ற இவ்விருவரும் 1953-இல் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து முனைவர் ஆயினர். 1965-இல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. இருவரும் இந்துக்கள். அடிகளார் மதம் பாராமல் அறிவை மட்டுமே பார்த்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ரசீன் அடிகளார் 1976-இல் இறையடி சேர்ந்தார். ஆயினும் அவர் ஊன்றிய வித்து காய்த்துக்கொண்டே இருக்கிறது. சேஷாத்ரி 1989-இல் சென்னையில் தொடங்கிய கணித ஆராய்ச்சிப் பள்ளியே இன்று சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம். அங்கே கணிதத்தோடு கணிப்பொறி அறிவியலிலும் முனைவர் பட்ட ஆராய்ச்சி நடைபெறுகிறது. கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் நிரல் ஒருபோதும் தவறாது என்று கணித முறையில் மெய்ப்பிப்பது எப்படி என்பன போன்ற கேள்விகளுக்கு அங்கே விடை தேடுகின்றனர். இவ்வகையில் ரசீன் அடிகளாரின் பணி நம் பிள்ளைகளின் துறையையும் வந்து தொட்டிருக்கிறது.

நாடு விட்டு வந்த ஒரு குரு, தம் பெயரை வளர்க்காமல் பிறர் பிள்ளைகளை வளர்த்தார். நம் சொந்தப் பிள்ளைகளுக்கு ஐந்தாண்டுப் பொறுமையை நாம் தரக்கூடாதா? தகுதி பெற்ற ஆராய்ச்சி மாணவர்க்கு மாத உதவித்தொகைகளும் உண்டு. இவ்விழா ஆண்டில் நம் பங்கிலிருந்து ஒரு மகனோ மகளோ ஆராய்ச்சிக்குப் புறப்பட்டால், அதுவே அடிகளாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக!