பாசியில் புகழ் கண்ட பேராசிரியர்

சர் சி. வி. இராமனையும் கணித மேதை இராமானுஜனையும் அறியாத மாணவி நம் பள்ளியில் இல்லை. அவர்கள் காலத்திலேயே, குட்டையில் படரும் பாசியை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற எம். ஓ. பி. அய்யங்காரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இவர் 1886-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் அங்கேயே தாவரவியல் பேராசிரியரானார்.

அந்நாளில் உயிர்கள் யாவும் தாவரம், விலங்கு என்ற இரண்டே உலகங்களுள் அடக்கப்பட்டன. மாமரம், மாடு என்றால் தொல்லையில்லை. மழைக்குப் பின் நம் பாலாற்றுப் பள்ளங்களில் தேங்கிப் பச்சையாகிவிடும் நீரை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் சிக்கல் தொடங்கும். வால்வாக்ஸ் என்னும் பாசி, நூற்றுக்கணக்கான செல்கள் சேர்ந்த ஓர் உருண்டை. பச்சையம் இருப்பதால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆனால் செல்லுக்கு இரண்டு கசையிழைகளை அசைத்து, ஒளியை நாடி நீந்தவும் செய்யும்! தாவரவியலாரும் விலங்கியலாரும் இதைத் தத்தம் நூல்களில் எழுதிக்கொண்டனர். தென்னிந்திய வால்வாக்ஸ் இனங்களை அய்யங்கார் பொறுமையாக ஆராய்ந்து, விரிவான கட்டுரையாக வெளியிட்டார்.

இலண்டனில் பேராசிரியர் பிரிட்ஷிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். 1932-ல், ஈர மண்ணில் வளரும் ஒரு புதிய பாசியை விவரித்து, அதற்குப் பிரிட்ஷியெல்லா என்று ஆசிரியரின் பெயரையே சூட்டினார். குருதட்சணை என்றால் இதுவல்லவா! மண்ணுக்குள் வேர்போன்ற இழை, மேலே நிமிர்ந்த கிளைகள் என அமைந்த அப்பாசி, நீர்த் தாவரம் நிலத்தில் ஏறிய விதத்தைக் காட்டுவதாகப் பலரும் கருதினர். நிலத் தாவரங்களின் நேர் முன்னோர் வேறொரு பாசிக் கிளை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஆயினும் அவர் கண்டு எழுதிய அமைப்பு மாறவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்து 1944-ல் ஓய்வு பெற்றார். 1963-ல் மறைந்தார்.

ஆறே ஆண்டுகளில், 1969-ல், அமெரிக்க அறிஞர் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தார். நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அதே ஐந்துதான். அதில் செல்லின் அமைப்பே முதல் கேள்வி. நீலப்பச்சைப் பாசியின் செல்லில் சவ்வு சூழ்ந்த உட்கரு இல்லை. எனவே அது பாசிக் கூட்டத்தை விட்டு நீங்கி, பாக்டீரியாக்களுடன் மொனிராவில் சேர்ந்தது.

அய்யங்காரின் மாணவர் தேசிகாச்சாரி, 1959-ல் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதியவர். அவர் ஒரு நீலப்பச்சைப் பாசிக்கு அய்யங்காரியெல்லா எனத் தம் ஆசிரியரின் பெயரை இட்டார். டென்மார்க் அறிஞர் போர்கசன் ஒரு பழுப்புக் கடற்பாசிக்கு அய்யங்காரியா என்று பெயர் வைத்திருந்தார். முன்னதற்கு உட்கரு இல்லை, பின்னதற்கு உண்டு. ஆகவே பேராசிரியரின் பெயர் இன்று இரண்டு உலகங்களில் இடம் பெற்றிருக்கிறது.